சம்பளமில்லாத களப்பணிக்கு ஆறு மாதம் போவதா? எண்ணூரிலிருந்து ஒரு கேள்வி

எண்ணூர்க்காரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் விலங்கியலில் முதுகலை முடித்து ஓராண்டு ஆகிறது. எங்கள் வீடு எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருக்களில் விற்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு உப்பங்கழி முழுவதும் எண்ணெய் பரவியபோது, மார்பும் வயிறும் பழுப்பேறிய கூழைக்கடாக்கள் அலையாத்தி ஓரங்களில் ஒதுங்கி நின்றதை அப்பாவின் படகிலிருந்து எண்ணி, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். எத்தனை பறவைகள், உடம்பில் எந்த இடத்தில் கறை, பறக்க முடிகிறதா என்று மூன்று பத்திகள் மட்டுமே இருந்தன. காட்டுயிர் ஆய்வுதான் என் வேலை என்பதை அந்த நோட்டை எழுதிய நாட்களில்தான் முடிவு செய்தேன்.

இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் தன்னார்வக் கள உதவியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. ஆறு மாத காலத்துக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் நான் கட்ட வேண்டும். பைனாகுலரும் அட்டைக் கடிக்குத் தாங்கும் காலுறைகளும் சொந்தமாகக் கொண்டு வர வேண்டும். நேர்காணலில், மலையேற்றம் போன அனுபவம் உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். வீட்டில் அனுப்புவார்களா என்றும் கேட்டார்கள். கழியில் இருட்டு விலகாத நேரத்தில் படகில் நின்று வலை இழுத்திருக்கிறேன், நீரோட்டம் பார்க்கத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்கு நான் எங்கே தங்குவேன், யாரோடு தங்குவேன் என்ற கவலை. அப்பா கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. போகலாமா? போவதென்றால் முன்கூட்டியே அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும்? இந்தத் துறையில் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் உண்டா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வியாசை அக்கா:

அன்புத் தங்கைக்கு, இந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு போக வேண்டாம் என்பது என் கருத்து. நான் வியாசர்பாடியில் பிறந்தவள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் களத்தில் இருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் 36,000 ரூபாய். அந்த ஆறு மாதம் வேறு வேலையில் கிடைத்திருக்கக்கூடிய வருமானமும் போகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால் இதைத் தாங்க முடியும். தாங்கியவருக்கு 'கள அனுபவம்' என்று ஒரு வரி சேரும். அடுத்து வரும் சம்பள வேலைக்கு அந்த வரியைத்தான் முதல் தகுதியாகக் கேட்பார்கள். இப்படித்தான் வாசலிலேயே நம்மை வடிகட்டிவிடுகிறார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அம்மாவின் கவலை நியாயமானது. 2014இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வில், 666 கள ஆய்வாளர்களிடம் அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டிருந்தார்கள். அவர்களில் 64 விழுக்காட்டினர் களத்தில் பாலியல் ரீதியான சீண்டல் பேச்சுகளைச் சந்தித்ததாகவும், ஐந்தில் ஒருவருக்கு மேல் உடல் ரீதியான அத்துமீறலுக்கு ஆளானதாகவும் சொன்னார்கள். பெண்களிடம் அத்துமீறியவர்கள் பெரும்பாலும் அவர்களுக்கு மேல்நிலையில் இருந்தவர்களே. காட்டில் யானையைப் பற்றிப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதில்லை.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் அந்தச் சட்டத்தில், சம்பளம் வாங்காத தன்னார்வலரும் பயிற்சி பெறுபவரும் ஊழியர் என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். வேலை நிமித்தமாகப் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம் என்பதற்குள் வருகின்றன. ஆகவே மலைமேல் இருக்கும் முகாமும் அலுவலகம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். உங்களுடைய முதல் கேள்வி, குழுவின் உறுப்பினர்கள் யார், முகாமிலிருந்து அவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதாக இருக்கட்டும். பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

அடுத்து, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, தங்கும் அறையில் இன்னொரு பெண் உண்டா என்று கேளுங்கள். விடிகாலையில் தொடங்கி, கணக்கெடுப்புக்காகக் குறித்த பத்துக் கிலோமீட்டர் கோட்டில் நடக்கும் நாளில் மாதவிடாய் வந்தால் எங்கே மாற்றுவது, பயன்படுத்தியதை எதில் வைத்துத் திரும்பக் கொண்டுவருவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் முதல் ஆண்டு முழுவதும் தண்ணீர் குடிக்காமல் நடந்து சிறுநீரகத் தொற்று வாங்கிக்கொண்டேன். ஒளிபுகாத, இறுக மூடும் பை இரண்டும், குழுவில் எல்லோருக்கும் அறிவிக்கப்பட்ட பத்து நிமிட ஓய்வும் போதும். இவ்வளவு சிறிய ஏற்பாட்டுக்கு நான் நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்ல எனக்கு இன்றும் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு முகாமில், இடம் வேண்டாம், முதல் நாள் இரவு சமையல்கட்டில் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். சொன்னேன். மறுநாள் காலை நீல விளிம்பு வைத்த ஒரு பீங்கான் தட்டு எனக்கென்று தனியாக ஜன்னல் திண்டில் இருந்தது. மூன்று மாதம் அதில்தான் சாப்பிட்டேன். குழுத் தலைவரிடம் சொன்னபோது, உள்ளூர் வழக்கத்தில் நாம் தலையிட்டால் வேலை கெட்டுவிடும் என்றார். பாலினச் சமத்துவம் பற்றிப் பேசும் நிறுவனங்கள்கூட நம் நாட்டில் சாதியைப் பற்றி வாய் திறப்பதில்லை. முகாமில் எல்லோரும் ஒரே அடுக்கிலிருந்து தட்டு எடுக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டிய விதி.

இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகத் தொடங்கிய ஜே. விஜயா, எழுபது ஆண்டுகளாக எந்த ஆய்வாளர் கண்ணிலும் படாதிருந்த ஒரு காட்டாமையை 1982இல் கேரளக் காட்டில் மீண்டும் கண்டறிந்தார். 2006இல் அந்தப் பேரினத்துக்கு அவர் நினைவாக 'விஜயாகெலிஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று எண்ணும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சதுப்புநிலம்:

நான் ராயபுரத்துக்காரன், இப்போது ஒரு சிறிய ஆய்வுக் குழுவை நடத்துகிறேன். மேலே எழுதிய அக்காவின் சொற்களைப் படித்துவிட்டு, நானும் பல ஆண்டுகள் அதே போன்ற அறிவிப்புகளை வெளியிட்டிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நிதி குறைவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே நிதியில் கேமராக்களுக்கு மட்டும் பணம் இருந்தது.

இப்போது கள உதவியாளர் சம்பளத்தை நிதிக் கோரிக்கையிலேயே முதல் வரியாக எழுதுகிறோம். பைனாகுலரும் மழைச்சட்டையும் காலணியும் குழுவின் பொதுச் சொத்து. 'மலையேற்ற அனுபவம்' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, திசையும் வானிலையும் பார்த்து முடிவெடுத்த ஒரு நாளை விவரியுங்கள் என்று கேட்கிறோம். தங்கை சொல்ல வாயெடுத்த பதிலை எங்கள் நேர்காணலில் சொல்லியிருந்தால் அவர்தான் முதலிடத்தில் இருந்திருப்பார்.

இன்னொரு மாற்றம், பதிவுப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டது. எங்களோடு கடற்கரையில் நடக்கும் மீனவர் ஒருவர் 'பங்குனி ஆமை' என்று சரியாகச் சொல்வார். படிவத்தில் இலத்தீன் பெயர் இருந்ததால், அதை நிரப்ப ஒவ்வொரு முறையும் ஒரு கல்லூரி மாணவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. தமிழில் வந்த பிறகு அவரே எழுதுகிறார்; கரையேறிய தடத்தின் அகலத்தையும், அன்று வீசிய காற்று வாடையா கச்சானா என்பதையும் ஓரத்தில் குறித்து வைக்கிறார். அந்த ஓரக் குறிப்புகளைக் கொண்டுதான் எங்களுடைய அடுத்த கட்டுரை உருவாகிறது. அவர் பெயர் அதன் ஆசிரியர் வரிசையில் இருக்கும்.

1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அந்த மரபில் வந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்களுடைய அறிவுக்கு மரியாதை செய்கிறோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆய்வாளர்களாக வருவதற்கான படிக்கட்டை இன்னும் கட்டவில்லை. இதை என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். மத்திய அரசின் ஆய்வு நிதியில் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதற்கான தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். வண்டலூரில் வனத்துறை நடத்தும் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்சேர்ப்பு அறிவிப்புகளையும், டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் அறிவிப்புகளையும் தொடர்ந்து பாருங்கள்.

மணலி வாசகன்:

மாற்றுக் கருத்துக்கு மன்னிக்கவும். காடு யாருடைய சாதியையும் பாலினத்தையும் பார்ப்பதில்லை. கடினமான வேலைக்கு ஆள் எடுக்கும்போது தகுதியை மட்டும் பார்ப்பதே சரி. எல்லோருக்காகவும் ஏற்பாடு செய்யத் தொடங்கினால் ஆய்வின் தரம் குறையாதா?

வியாசை அக்கா:

ஐயா, காடு பார்ப்பதில்லை என்பது உண்மை. காட்டுக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர்கள் பார்க்கிறார்கள். வெளிப்படையான தேர்வை நான் எதிர்க்கவில்லை. இந்திய வனப் பணிக்கு ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நான்கு மணி நேரத்தில் நடந்து காட்ட வேண்டும். அந்த அளவு எல்லோருக்கும் முன்பே தெரியும். பயிற்சி செய்து வெல்லலாம். சொந்தமாக பைனாகுலர் இருப்பதும், ஆறு மாதம் சம்பளமில்லாமல் வாழ முடிவதும் எந்தத் திறமையை அளக்கின்றன?

2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினத்தவர், நாயை வாரில் கட்டுங்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னதற்கு, அந்தப் பெண் காவல்துறையை அழைத்தார். சில நாட்களுக்குள் அங்குள்ள இளம் கறுப்பின ஆய்வாளர்கள் சேர்ந்து 'கறுப்பினப் பறவை ஆர்வலர் வாரம்' நடத்தினார்கள். கையில் பைனாகுலரோடு புதருக்குள் நிற்கும் ஒருவரை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது அவரவர் தோலையும் உடையையும் பொறுத்து மாறுகிறது என்று அவர்கள் பேசியபோது, நம் ஊரில் தனியாகச் சதுப்பில் நிற்கும் பெண்ணை ஊர் விசாரிக்கும் விதம் எனக்கு நினைவுக்கு வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டெமரியும் பிப்கினும் இந்தப் பாதுகாப்புப் பற்றி எழுதிய கட்டுரையில், களத்துக்குப் போகிறவர் மட்டும் சுமக்க வேண்டிய பொறுப்பு இது ஆகாது, வழிகாட்டியும் நிறுவனமும் சேர்ந்து ஏற்க வேண்டியது என்று வலியுறுத்துகிறார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த மேல்சட்டை, தமிழில் எழுதிய அனுமதிக் கடிதம், ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே ஓர் அறிமுகம், இவை மூன்றும் எங்கள் குழுவில் இப்போது கட்டாயம். இதனால் தரம் குறையவில்லை ஐயா. பாதியில் விலகிப் போகிறவர்கள் குறைந்ததால் பதிவுகள் விடுபடாமல் கிடைக்கின்றன.

பழவேற்காடு கரை:

எனக்குச் சிறுவயதில் போலியோ வந்ததால் வலது கால் சரியாக வளரவில்லை. சேற்றில் இறங்க முடியாது. பதினைந்து ஆண்டுகளாகக் கரையில் முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்திப் பூநாரைகளையும் உள்ளான்களையும் எண்ணுகிறேன். ஓரிடத்தில் அசையாமல் இருப்பதால் பறவைகள் கலைவதில்லை. நீர் ஏறி இறங்கும்போது கூட்டம் எந்தத் திட்டிலிருந்து எந்தத் திட்டுக்கு மாறுகிறது என்பதை நாள் முழுவதும் தொடர்ந்து பார்க்க என்னால் முடிகிறது. அம்மா, ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். எங்கள் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது. படகுக் கூலியைக் குழு கொடுக்கும்.

எண்ணூர்க்காரி:

அக்காவுக்கும் ஐயாக்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகளை அப்படியே எழுதி அந்தத் திட்டத்துக்கு அனுப்பினேன். சாப்பாட்டுக் கட்டணத்தை நீக்குவதாகப் பதில் வந்தது; சம்பளம் பற்றியும் உள்ளகக் குழுவைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. போகவில்லை என்று எழுதிவிட்டேன். தகுதித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அம்மா இந்தப் பதில்களையெல்லாம் படித்துக் காட்டச் சொன்னார். தட்டு பற்றிய இடம் வந்தபோது நிறுத்தச் சொல்லிவிட்டு, வெகுநேரம் கழித்து, "அந்தப் பொண்ணு இப்போ நல்லா இருக்காளா, கேட்டு எழுது" என்றார்.

பழவேற்காடு ஐயாவுக்கு: கணக்கெடுப்புக்குக் கட்டாயம் வருகிறேன். படகுக்கு வேறு ஆள் தேட வேண்டாம், நானே வருகிறேன் என்று அப்பா சொல்கிறார். கூலியை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். படிவத்தில் பார்வையாளர் பெயர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் எழுதலாமா?

பழவேற்காடு கரை:

எழுதலாம். நீர் வற்றும் நேரம் பார்த்துத் தேதி சொல்கிறேன்.