மறுமொழி: பள்ளிக்கூட மைதானம், உஷா எம்.பி.க்கு மனு, தலைக்கு 300 டாலர்

அனுப்புநர்: கீழத்தெரு, தோஹா

எல்லோருக்கும் வணக்கம்.

மேலத்தெரு அண்ணாச்சியின் மடலைப் படித்தேன். ஓட்ட வீராங்கனை பி.டி. உஷாவுக்கு மனு போட்டால் பள்ளிக்கூட மைதானத்துக்குச் சிந்தடிக் டிராக் (ரப்பர் ஓடுதளம்) வந்துவிடும், நாம் தலைக்கு 300 டாலர் போட்டு ஆர்ச்சும் பெவிலியனும் கட்டிவிடலாம் என்கிறார். மனு போடுவதில் தப்பே இல்லை. 2022 ஜூலையில் இளையராஜாவோடு சேர்த்து மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர் அவர். நியமன எம்.பி. தன் மேம்பாட்டு நிதியை இந்தியாவில் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். கிரிக்கெட் வீரர் சச்சின் நியமன எம்.பி.யாக இருந்தபோது நெல்லூர்ப் பக்கம் புட்டம்ராஜு கண்டிரிகைக்கு அப்படித்தான் செய்தார்.

ஆனால் அந்த நிதி ஆண்டுக்கு 5 கோடிதான். எம்.பி. பரிந்துரை செய்வதோடு சரி. மதிப்பீடு போட்டு அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம், வேலை நடப்பது அரசு முகமை வழியாக. நம் ஊர்ச் சங்கத்தின் கைக்கு ஒரு பைசா வராது. வாட்ச்மேன் சம்பளம், கரண்டு பில் போன்ற தொடர்செலவுக்கு அதில் இடமில்லை. அந்தப் பணத்தில் கட்டியதற்குத் தனிநபர் பெயரும் வைக்கக் கூடாது. பெவிலியனுக்குப் பெரிய தாத்தா பெயர் என்ற பேச்சை இப்போதே விட்டுவிடுங்கள். கிணற்றடியில் நடந்தது மறுபடியும் வேண்டாம்.

அடுத்தது இடம். 400 மீட்டர் டிராக் என்றால் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், 1.22 மீட்டர் அகலத்தில் 8 லேன். வெளிவிளிம்பு கணக்குக்கு நீளம் 177, அகலம் 92.5 மீட்டர். இதுவே 4 ஏக்கரைத் தாண்டுகிறது. 100 மீட்டர் ஓடி முடித்தவர்கள் நிற்க விடும் இடம் தனி. பள்ளிக்கூடத்திடம் இருப்பது 2.75 ஏக்கர். 200 மீட்டர் மண் டிராக்தான் அதில் அடங்கும். அப்படியே இடம் கிடைத்தாலும், ரப்பருக்கு அடியில் தார்த்தளம் போட வேண்டும். வாட்டம் சரியில்லை என்றால் மழைத்தண்ணீர் இறங்கிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அறுப்பு முடிந்ததும் உளுந்து காயப்போட டிராக்டர் ஏறும், அதோடு முடிந்தது.

உஷா நடத்தும் தடகளப் பள்ளியையே பாருங்கள். 2002-ல் கொயிலாண்டியில் தொடங்கியது. கேரள அரசு கினாலூரில் 30 ஏக்கர் கொடுத்தது. சிந்தடிக் டிராக் திறந்தது 2017-ல். அதற்கு ஏழு வருஷம் முன்பே அங்கே வளர்ந்த டின்டு லூக்கா 800 மீட்டரை 1:59.17-ல் ஓடி ஷைனி வில்சனின் தேசிய சாதனையை முறியடித்துவிட்டார். டிராக்கும் வந்து, உஷா எம்.பி.யும் ஆகி, இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரும் ஆன பிறகு நடந்தது என்ன? 2023 பிப்ரவரியில் டெல்லியில் நிருபர்களைக் கூட்டி, வளாகத்துக்குள் வெளியாட்கள் கட்டுமானம் செய்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை என்று கண்கலங்கினார். அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவருக்கே அந்த நிலை.

அத்தை ஊருக்குப் போயிருந்தபோது மைதானத்தின் தென்பக்கம் புதிதாக நாலு கல் ஊன்றியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். யார் ஊன்றியது என்று நான் எழுதத் தேவையில்லை. முதலில் சர்வேயரை வைத்து அளக்க வேண்டும், எல்லைக்கல் நட வேண்டும், கம்பிவேலி போட வேண்டும். சுற்றளவு சுமார் 430 மீட்டர். 3 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் மூலைக்கும் கேட்டுக்கும் சேர்த்து 150 தூண் ஆகும். மூலைத்தூணுக்கு இரண்டு பக்கமும் முட்டுத்தூண் கொடுக்காவிட்டால் கம்பியை முறுக்கும்போதே சாய்ந்துவிடும். ஆர்ச் பிறகு.

அனுப்புநர்: மேலத்தெரு, ஹூஸ்டன்

தம்பி, கணக்கெல்லாம் சரி. உஷாவை வேலிக்கு உதாரணமாக்கியது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

12 வயதில் கண்ணூர் விளையாட்டுப் பிரிவுக்குப் போனவர். ஓ.எம். நம்பியார் பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடவிட்டார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் முதல்முறையாக வந்தது. அரையிறுதியில் 55.54-ல் முதலாவதாக வந்தார். இறுதியில் 55.42. ருமேனியாவின் கோஜோகாரு 55.41. நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் போயிற்று. எல்லைக்கோட்டில் கணக்கு நெஞ்சுக்குத்தான், காலுக்கு இல்லை. கடைசி அடியில் நெஞ்சைத் தள்ளியிருந்தால் பதக்கம். ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயும்தான் சாப்பிட்டேன், கடைசி 35 மீட்டரில் தெம்பில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். மறுவருஷம் ஜகார்த்தா ஆசிய தடகளப் போட்டியில் 5 தங்கம், 1 வெண்கலம். அதற்கடுத்த வருஷம் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 4 தங்கம், 1 வெள்ளி. நம்ம சதர்ன் ரயில்வே பெண் அவர்.

ஒரு பெண்பிள்ளை ஓட வருகிறாள் என்றால் ஊர் வாசலிலேயே அது தெரியணும். அதுக்குத்தான் ஆர்ச் கேட்டேன், என் பெயருக்கு இல்லை. நிழற்குடைக்கு உங்க வீட்டிலிருந்து வராத பணத்தைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அனுப்புநர்: பொருளாளர், டொராண்டோ

அண்ணாச்சி, உஷாவின் ஓட்டத்துக்கு நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் 2023-ல் மல்யுத்தப் பெண்கள் பாலியல் புகாருக்காக டெல்லித் தெருவில் உட்கார்ந்து நியாயம் கேட்டபோது அதை ஒழுங்கீனம் என்று சொன்னவரும் அவர்தான். சில நாளில் அவர்கள் உட்கார்ந்திருந்த ஜந்தர் மந்தருக்கே போய் அவர்களைப் பார்த்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மனுவில் புகழ்மாலை வேண்டாம். சர்வே எண், அளவு, பள்ளியின் ஒப்புதல் கடிதம் இருந்தால் போதும்.

இப்போது பணம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டுப் பணம் ஆகாது. கனடா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்க சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி மெயின் பிராஞ்சில் கணக்கு வேண்டும். பதிவு கேட்கவே மூன்று வருஷம் செயல்பட்டு 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். நம்மிடம் அது இல்லை. மச்சான் கணக்கில் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

வேலிக்கு மட்டும் இப்போது வசூல். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் முதல் பக்கத்தின் நகலை எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். மற்றவர்கள் பொறுத்திருங்கள். அண்ணாச்சி, போன கோயில் கொடையில் மிஞ்சிய 41,600 ரூபாய் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.