ஒரு ஹால், ஒரு உள்ளறை, மூன்று ஆம்ப்: எதை எதோடு இணைக்கலாம்?

புதுக்காது:
வணக்கம். ப்ரீ-அவுட் (வால்யூம் தாண்டிய சிக்னலை வேறு ஆம்புக்கு அனுப்பும் முனை) உள்ள 80 வாட் இன்டகிரேட்டட் ஆம்ப் (வால்யூமும் பவர் பகுதியும் ஒரே பெட்டியில்) ஒன்று, வால்யூம் குமிழ் இல்லாத பழைய இரண்டு சேனல் பவர் ஆம்ப் ஒன்று, வால்யூம் உள்ள 12 வாட் வால்வு ஆம்ப் ஒன்று இருக்கின்றன. ஹாலில் 4 ஓம் டவர் ஸ்பீக்கர்கள். அவற்றின் பின்னால் நான்கு முனைகள், மேல் முனைகளையும் கீழ் முனைகளையும் இணைக்கும் பித்தளை ஜம்பர் தகடு. உள்ளறையில் 8 ஓம் சிறிய ஸ்பீக்கர்கள், ஆம்ப் இருக்கும் இடத்திலிருந்து 12 மீட்டர் தூரம்.

இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் பாட வேண்டும். டவரை சில நாள் வால்வு ஆம்பிலும் கேட்க வேண்டும். இன்டகிரேட்டட் ஆம்பின் பின்பக்கத்தில் "ஏ அல்லது பி 4–16 ஓம், ஏ+பி 8–16 ஓம்" என்று போட்டிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? கூடவே ஒன்று: இரண்டு ஆம்பையும் ஒரே டவரில் சேர்த்துக் கொடுத்தால் சக்தி கூடுமா?

ஓம்கணக்கு:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், புகை வருவது அதில்தான். இரண்டு ஆம்பின் அவுட்புட்டை ஒரே ஸ்பீக்கரில் சேர்க்கவே கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏ.சி. கரண்ட்டுக்கான எதிர்ப்பு) பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் கீழே. ஒரு ஆம்ப் தள்ளும் கரண்ட்டுக்கு 4 ஓம் ஸ்பீக்கரைவிட எதிரே இருக்கும் ஆம்புக்குள் நுழைவது சுலபம். இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட ஷார்ட்டாகவே பார்க்கும். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். பாதுகாப்பு ரிலே இல்லாத பழைய ஆம்ப் என்றால் அணைந்திருந்தாலும் ஆபத்துதான்.

பின்பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு வருவோம். ஏ, பி இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலான ஆம்புகளில் இரண்டு ஜோடியும் பேரலலாகச் சேரும். அதனால்தான் ஒவ்வொரு ஜோடியும் குறைந்தது 8 ஓம் இருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு 8 சேர்ந்தால் 4. உங்கள் கணக்கு (4 × 8) ÷ (4 + 8) = 2.67 ஓம். அதுவும் பெயரளவு எண்தான். ஸ்பீக்கரின் உண்மையான இம்பீடன்ஸ் சில அலைவரிசைகளில் அதற்கும் கீழே இறங்கும். மெதுவாக வைத்தால் ஒன்றும் ஆகாமல் ஓடும், சத்தத்தை ஏற்றிய அன்று புரொடெக்‌ஷனில் போகும் (தானே துண்டித்துக்கொள்ளும்) அல்லது சூடேறிச் சாகும். எனவே ஏ+பி உங்களுக்கு வேண்டாம். உள்ளறைக்குப் பவர் ஆம்பைக் கொடுங்கள்.

இன்டகிரேட்டட் ஆம்பின் ப்ரீ-அவுட்டிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிள் (சிறிய சிக்னலுக்கான கேபிள்) பவர் ஆம்புக்கு, அங்கிருந்து ஸ்பீக்கர் கம்பி உள்ளறைக்கு. பவர் ஆம்பை உள்ளறையில் வைக்காதீர்கள்; ஹாலில் மற்றவற்றோடு ஒரே அலமாரியில் இருக்கட்டும். ஆர்.சி.ஏ. கேபிளை 12 மீட்டர் இழுத்து, வேறு சுவரின் எர்த்தில் ஆம்பைச் செருகினால் இரைச்சலை விலை கொடுத்து வாங்கியது போல. நீளம் ஸ்பீக்கர் கம்பியில் இருப்பதே நல்லது. 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.0117 ஓம். போக வர 24 மீட்டர் என்றால் 0.28 ஓம், 8 ஓமில் 3.5 சதவீதம், போதும். அதே தூரத்துக்கு 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 சதுர மி.மீ. போட்டிருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. ப்ரீ-அவுட் ஹாலின் வால்யூம் குமிழோடு சேர்ந்து ஏறி இறங்கும். உங்கள் பவர் ஆம்பில் குமிழ் இல்லை, ஆகவே இடையில் 10 கிலோ ஓம் ஸ்டீரியோ பொட்டென்ஷியோமீட்டர் (வால்யூம் குமிழ்) வைத்த சின்னப் பெட்டி ஒன்றைச் செருகுங்கள். லாக் வகையாக (காதுக்குச் சத்தம் சீராக ஏறும் வகை) இருக்கட்டும். லீனியர் வாங்கினால் குமிழின் முதல் கால் சுற்றிலேயே எல்லாச் சத்தமும் வந்துவிடும். பெட்டிக்கும் பவர் ஆம்புக்கும் இடையிலான கேபிள் ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. ஸ்பீக்கர் பொத்தானில் ஏ-யை அணைத்தால் ஹால் மட்டும் அடங்கும். ப்ரீ-அவுட் பொதுவாகத் தொடர்ந்து வேலை செய்யும்.

வால்வுப்பித்தன்:
டவரை இரண்டு ஆம்புக்கு மாற்றி மாற்றிக் கொடுக்க ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி வேண்டும். எல்லாப் பெட்டியும் இதற்கு ஆகாது. மலிவானவற்றில் கறுப்பு முனைகள் எல்லாம் உள்ளே ஒன்றாகக் கட்டியிருக்கும். டி வகுப்பு ஆம்புகள் பலவற்றிலும் பிரிட்ஜ் ஆம்புகளிலும் கறுப்பு முனை கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. அவற்றை ஒன்றாகக் கட்டினால் ஷார்ட். இடது வலது இரண்டிலும் சிவப்பு, கறுப்பு நான்கையும் தனித்தனியாக மாற்றும் நான்கு போல் சுவிட்ச் தேடுங்கள். பழைய தொடர்பை விட்ட பிறகே புதியதைத் தொடும் வகையாகவும் 10 ஆம்பியர் தாங்குவதாகவும் இருக்கட்டும். திருப்பும்போது அரை நொடி இரண்டையும் தொடும் சுவிட்ச் என்றால் மேலே ஓம்கணக்கு சொன்ன விபத்து அந்த அரை நொடியில் நடக்கும்.

வால்வு ஆம்புக்கு எதிர்மாறான பயம். டிரான்சிஸ்டருக்கு ஷார்ட் ஆகாது, வால்வுக்குத் திறந்த முனை ஆகாது. ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். டவர் 4 ஓம் என்பதால் கம்பி வால்வு ஆம்பின் 4 ஓம் முனையில் இருக்க வேண்டும். செலக்டர் இன்டகிரேட்டட் பக்கம் இருக்கும்போது அந்த முனைக்குச் சேனலுக்கு ஒன்றாக 4.7 ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் வருமாறு கட்டுங்கள். அது சுடும், மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ படக் கூடாது. இந்த வேலைக்கு மனமில்லை என்றால் வால்வு ஆம்பை அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு, கையால் கம்பியை மாற்றுவது இன்னும் பத்திரம்.

புதுக்காது:
நன்றி. ப்ரீ-அவுட் ஒன்றுதானே இருக்கிறது? வால்வு ஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் ஒய் கேபிள் போட்டால் அதுவும் சேர்ப்பது ஆகாதா? அப்புறம், டவரில் நான்கு முனை இருப்பதால் கீழே இன்டகிரேட்டட், மேலே வால்வு என்று பை-ஆம்ப் செய்யலாமா?

செப்புக்கம்பி:
ஒரு அவுட்புட்டை இரண்டு இன்புட்டுக்குப் பிரிப்பது தவறில்லை. இரண்டு அவுட்புட்டை ஒரு இன்புட்டில் கூட்டுவதுதான் தவறு. ப்ரீ-அவுட்டின் அவுட்புட் இம்பீடன்ஸ் 600 ஓம் என்று வைத்துக்கொள்வோம், எதிரே இருக்கும் இன்புட்களின் இம்பீடன்ஸ் குறைந்தது பத்து மடங்கு, அதாவது 6 கிலோ ஓம் தெரிய வேண்டும். வால்வு ஆம்ப் 100 கிலோ ஓம், வால்யூம் பெட்டி 10 கிலோ ஓம், அதன் பின்னால் பவர் ஆம்ப் 22 கிலோ ஓம் என்றால், குமிழ் முழுதும் திறந்த நிலையில் மொத்தம் சுமார் 6.4 கிலோ ஓம். விளிம்பில் தேறுகிறது. ப்ரீ-அவுட்டில் 1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் (டி.சி.யைத் தடுத்துச் சிக்னலை விடும் பாகம்) இருந்தால் பாஸ் (தாழ் ஸ்தாயி) 25 ஹெர்ட்ஸ் பக்கம் சரியத் தொடங்கும். பெட்டியில் 10-க்குப் பதில் 22 கிலோ ஓம் போட்டால் அந்தக் கவலை குறையும். ஒய் கேபிளில் ஒரு ஆம்ப் அணைந்திருக்கும்போது மற்றதில் கரகரப்பு கேட்டால், அணைந்த ஆம்பின் இன்புட் பாகங்கள் சிக்னலை வெட்டுகின்றன என்று பொருள். அதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

பை-ஆம்ப் செய்யலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் (தாழ், மேல் ஸ்தாயிகளைப் பிரிக்கும் சுற்று) அப்படியே இருக்கும் வரை 80-ம் 12-ம் சேர்ந்து 92 வாட் ஆகிவிடாது. முதல் வேலை ஜம்பர் தகடுகளைக் கழற்றுவது. மறந்தால் இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் அந்தத் தகடு வழியே கைகோத்துக்கொள்ளும்.

அடுத்தது கெயின், அதாவது ஒவ்வொரு ஆம்பும் சிக்னலைப் பெருக்கும் அளவு. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களைக் கழற்றி, வால்வு ஆம்பில் மட்டும் அந்த 4.7 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, 200 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் பல அதிக அலைவரிசையில் தவறாகக் காட்டும், அதனால்தான் 200. ஏ.சி. வோல்ட்டில் இன்டகிரேட்டட் 1.41, வால்வு 2.0 காட்டினால் வித்தியாசம் 3 டெஸிபல். வால்வின் குமிழை 1.41 வரும்வரை இறக்குங்கள். வால்வு குமிழை முழுதும் ஏற்றியும் குறைவாகவே காட்டினால் இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள். இன்டகிரேட்டட்டின் உள் பவர் பகுதியைத் தனியாக இறக்க வழியில்லை, மேல் ஸ்தாயி எப்போதும் மங்கியே கேட்கும்.

சமமான பிறகு மீட்டரின் இரு ஊசிகளையும் இரண்டு ஆம்பின் இடது சிவப்பு முனைகளுக்கு இடையே வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சரி. 2.8 பக்கம் வந்தால் ஒன்று சிக்னலைத் தலைகீழாக்குகிறது. வால்வு ஆம்பிலிருந்து ட்விட்டருக்கு (மேல் ஸ்தாயி பாடும் சிறு ஸ்பீக்கர்) போகும் இரு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். கறுப்பு முனை கிரவுண்டாக உள்ள ஆம்புகளுக்கு மட்டுமே இந்தச் சோதனை.

ஓம்கணக்கு:
மூன்றையும் மாட்டியதும் உம்ம் என்று கேட்டால் எர்த் பின்னை வெட்டச் சொல்ல யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். உயிரோடு விளையாட்டு அது. மூன்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். ஆம்பை அணைத்து ஒரு ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றுங்கள், மறுபடி ஆம்பைப் போட்டுக் கேளுங்கள். எந்தக் கேபிள் போனால் சத்தம் நிற்கிறதோ அந்த வழியில்தான் எர்த் லூப் (எர்த் வழியே இரைச்சல் சுற்றும் வளையம்). அங்கே 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஜோடி போதும். டிவி கேபிள் எங்காவது இணைந்திருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

போடும்போது பவர் ஆம்புகள் கடைசி, அணைக்கும்போது அவையே முதல். வரிசை மாறினால் ப்ரீ-அவுட்டின் 'டப்' சத்தம் நேராக உள்ளறை ஸ்பீக்கருக்குப் போகும்.