ஐபோன் 13: செட்டிங்ஸில் தீரும் குறை எது, கடைக்குப் போனால் தீரும் குறை எது, தீரவே தீராதது எது?

மழைத்தாள் (கேள்வி):

ஐபோன் 13 வெளிவந்தது 2021 செப்டம்பரில். ஐஓஎஸ் 26 வரை இதற்கு வந்துவிட்டது, ஏ15 சிப்பும் அன்றாட வேலைக்கு இன்னும் திணறுவதில்லை. தூக்கிப் போடக் காரணமில்லை. ஆனாலும் 128 ஜிபி மாடல் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே போனதும் சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி எங்கே தேடினாலும் இல்லை. கேபிளைச் செருகினால் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறது. 'சிஸ்டம் டேட்டா' என்ற பெயரில் 20 ஜிபிக்கு மேல் காணாமல் போகிறது. போட்டோவில் முகம் மெழுகு பூசினாற்போல் தெரிகிறது, இரவில் எடுத்தால் பச்சைப் புள்ளிகள் வேறு. அப்புறம் தமிழ்த் தட்டச்சு, கால் ரெக்கார்டிங்.

இவற்றில் எது எதைச் செட்டிங்ஸிலேயே சரிசெய்யலாம்? எதற்குப் பார்ட் மாற்ற வேண்டும்? எது போனோடு பிறந்த குறை? "பேசாம 16 வாங்கிடுங்க" என்ற பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.


ஈயப்பற்று:

பேட்டரியில இருந்து ஆரம்பிப்போம், பாதிப் புகார் அங்கதான்.

புதுசுல இதோட கொள்ளளவு 3,227 எம்ஏஎச். ஹெல்த் 79 காட்டினா மிச்சம் இருக்கிறது சுமார் 2,550. அளவு குறைஞ்சது ஒரு பக்கம், அதைவிட முக்கியம் பழைய செல்லோட உள்மின்தடை ஏறியிருக்கும். கேமரா, 5ஜி, முழு வெளிச்சம் மூணும் சேர்ந்து கரண்டை இழுக்கிறப்போ வோல்டேஜ் பொசுக்குன்னு இறங்கிடும். 15 சதவீதம்னு காட்டிட்டே போன் அணையறது இதனாலதான். அப்படி ஒரு தடவை அணைஞ்சா ஐஓஎஸ் சிப்போட உச்ச வேகத்தைத் தானே குறைச்சு வைக்கும். "அப்டேட் போட்டதும் ஸ்லோ ஆயிடுச்சு"ன்னு சொல்றவங்கள்ல சிலருக்கு உண்மையான காரணம் இதுதான். செட்டிங்ஸ் > பேட்டரி > பேட்டரி ஹெல்த் உள்ள போனா அந்தச் செய்தி எழுதியிருக்கும்.

ஐபோன் 14 வரைக்கும் ஆப்பிள் சொல்ற கணக்கு, 500 முழு சுற்றுக்கு (மொத்தமா 100 சதவீத சார்ஜ் செலவானா ஒரு சுற்று) 80 சதவீதம். ஐபோன் 15-ல இருந்துதான் 1,000 சுற்று. ஆக மூணு நாலு வருஷம் ஓடின 13-ல 79 வந்தா அது பழுது இல்லை, ஆயுசு முடிஞ்சது. எந்த ஆப் போட்டாலும் ஏறாது. மாத்தித்தான் ஆகணும்.

80 சதவீத வரம்பு 13-க்குத் தரவே இல்லை, அது 15-லதான் வந்தது. 13-க்கு இருக்கிறது 'ஆப்டிமைஸ்டு சார்ஜிங்' மட்டும், நம்ம பழக்கத்தைக் கத்துக்கிட்டு 80-க்கு மேல ஏத்தறதைத் தள்ளிப் போடுற வசதி. அதுவும் லொகேஷன் சர்வீசஸ், அதுக்குள்ள இருக்கிற சிக்னிஃபிகன்ட் லொகேஷன்ஸ் ரெண்டும் ஆன்ல இருக்கணும், தினமும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல சார்ஜ் போடணும். ஷிஃப்ட் மாறி மாறி வேலைக்குப் போறவங்களுக்கு அது சரியா வேலை செய்யாது.

மாற்று வழி ஒண்ணு இருக்கு. ஷார்ட்கட்ஸ் ஆப் > ஆட்டோமேஷன் > பேட்டரி லெவல், 80-ஐத் தாண்டினா, 'ரன் இமீடியட்லி'. செயலா ஒரு சத்தமோ அறிவிப்போ வைங்க. இது எச்சரிக்கும், அவ்வளவுதான், சார்ஜை நிறுத்தாது. நிறுத்தணும்னா சார்ஜரை ஆப்பிள் ஹோமோட சேர்ற ஸ்மார்ட் பிளக்ல மாட்டி, அதே ஆட்டோமேஷன்ல பிளக்கை அணைக்கச் சொல்லணும்.

சூடுதான் பெரிய எதிரி. நம்மூர் மே மாச வெயில்ல டேஷ்போர்டுல மேப் ஓடிட்டு, கீழே வயர்லெஸ் சார்ஜும் ஏறினா, அதைவிடக் கொடுமை பேட்டரிக்கு வேற இல்லை. காருக்குள்ள வயரே போதும்.

இனி கேபிள். ஏறி ஏறி நிக்குதுன்னா முதல்ல போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பாக்கெட் பஞ்சு அடியில கெட்டியா படிஞ்சிருக்கும், பிளக் முழுசா உள்ள போகாம அரை மில்லிமீட்டர் வெளியே நிக்கும். போனை அணைச்சுட்டு, மரப் பல்குத்தி நுனியால அடிச்சுவரை ஒட்டி மெதுவா சுரண்டி வெளியே இழுக்கணும். குண்டூசி, சிம் பின் வேண்டாம், காண்டாக்ட் வளைஞ்சா வேலை பெருசாயிடும். அப்புறம் கேபிள் நுனியப் பாருங்க. எட்டு தங்கக் கோட்டுல ஒண்ணு மட்டும் கருகியிருந்தா அதைத் துடைச்சுப் பிரயோஜனமில்லை, கேபிளைத் தூக்கிப் போடுங்க. 'லிக்விட் டிடெக்டட்' வந்தா போர்ட் கீழ பார்த்த மாதிரி பிடிச்சு உள்ளங்கையில தட்டி, அரை மணி நேரமாவது காத்தோட்டமா வைங்க. முழுசா காய ஒரு நாள்கூட ஆகலாம். அரிசி டப்பாவுல புதைக்காதீங்க, மாவும் தூளும் உள்ள போகும்.

20 வாட் அடாப்டர்ல அரை மணில பாதி ஏறும். பழைய 5 வாட் குட்டி அடாப்டர்ல போட்டுட்டு "ஸ்லோ"ன்னு சொல்றது நியாயமில்லை.


பைட்டுக்கணக்கு:

ஸ்டோரேஜ் பற்றி. 'சிஸ்டம் டேட்டா'வைத் திட்டும் முன் மற்ற வரிகளைப் பாருங்கள். செட்டிங்ஸ் > ஜெனரல் > ஐபோன் ஸ்டோரேஜ் திறந்து ஒரு நிமிடம் காத்திருந்தால்தான் கணக்கு முழுதாக வரும். அவசரப்பட்டுப் பார்த்தால் எண் தப்பாகத் தெரியும்.

பெரும்பாலான நேரம் முதலிடம் வாட்ஸ்அப்புக்குத்தான். இங்கே பலர் செய்யும் தவறு 'ஆஃப்லோட் ஆப்' அழுத்துவது. அது செயலியை மட்டும் நீக்கும், 20 ஜிபி வீடியோவும் குட்மார்னிங் படங்களும் அப்படியே கிடக்கும். வாட்ஸ்அப்பின் உள்ளேயே செட்டிங்ஸ் > ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா > மேனேஜ் ஸ்டோரேஜ் போய், 5 எம்பிக்கு மேற்பட்டவை என்ற பிரிவில் இருந்து அழியுங்கள். கூடவே சாட்ஸ் பகுதியில் 'சேவ் டு போட்டோஸ்' ஆஃப். அது ஆனில் இருந்தால் வரும் ஒவ்வொரு படமும் வாட்ஸ்அப்பில் ஒன்று, போட்டோஸில் ஒன்று என்று இரண்டு இடத்தில் உட்காரும். போட்டோஸில் அழித்தவை 'ரீசன்ட்லி டெலீட்டட்'டில் 30 நாள் இருக்கும், அங்கேயும் போய்க் காலி செய்தால்தான் இடம் திரும்பும்.

வீடியோவுக்கு ஆப்பிளே கொடுக்கும் கணக்கு, நிமிடத்துக்கு: 1080பி 30 ஃபிரேமுக்கு 60 எம்பி, 4கே 30-க்கு 170, 4கே 60-க்கு 400. கல்யாண வீட்டில் 4கே 60-இல் பத்து நிமிடம் எடுத்தால் 4 ஜிபி போயிற்று. போனிலேயே பார்க்கப் போகும் வீடியோவுக்கு 1080பி தாராளம்.

இதெல்லாம் செய்தும் சிஸ்டம் டேட்டா 20-க்கு மேல் நின்றால்: போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பட்டியலில் இறக்கி வைத்த ஐஓஎஸ் அப்டேட் கோப்பு தெரிந்தால் அழியுங்கள். சஃபாரி வெப்சைட் டேட்டாவைத் துடையுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான்: கணினியில் 'என்கிரிப்ட்' டிக் போட்ட பேக்கப் எடுத்து, போனை அழித்து, அதிலிருந்து திரும்ப ஏற்றுவது. டிக் போடாத பேக்கப்பில் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஹெல்த் தரவும் வராது. அழிக்கும்போது இசிம்மை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜிபே, போன்பே, வங்கிச் செயலிகள் எல்லாம் மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவாகும், சிம் ரீசார்ஜ் உயிரோடு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இந்த வேலையை மாதக் கடைசி நாளில், வாடகை அனுப்ப வேண்டிய இரவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பொறுமையும் தேவை. லைட்னிங் போர்ட் யுஎஸ்பி 2.0 வேகம், வினாடிக்கு 480 மெகாபிட். 60 ஜிபிக்கு ஏட்டுக் கணக்கே 17 நிமிடம், நடைமுறையில் அரை மணிக்கும் மேல். இது போனோடு பிறந்த குறை. யுஎஸ்பி-சி 2023-இல் 15-க்குத்தான் வந்தது.


அரைவெளிச்சம்:

கேமரா.

மெழுகு முகத்துக்குக் காரணம் ஸ்மார்ட் எச்டிஆர், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களைப் போனே ஒன்றாக்கி மெருகேற்றும் முறை. பழைய மாடல்களில் அதை அணைக்க ஒரு பொத்தான் இருந்தது, 13-இல் இல்லை. இந்தப் போனில் மென்பொருளாலேயே தீர்க்கக்கூடிய ஆனால் தீர்க்காமல் விட்ட குறைகளில் எனக்கு எரிச்சல் தருவதில் முதல் இது. ஓரளவு தணிக்க, போட்டோகிராஃபிக் ஸ்டைல்ஸில் 'ரிச் கான்ட்ராஸ்ட்' வையுங்கள். நிழலை வெளிச்சம் போட்டுத் தூக்காமல் விட்டுவைக்கும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், 13-இல் ஸ்டைல் எடுக்கும்போதே படத்தில் பதிந்துவிடும், பின்னால் மாற்ற முடியாது. முழுக்க விடுபட வேண்டுமென்றால் ஹாலைட் மாதிரி 'ரா' (போன் மெருகேற்றாத மூலப் படம்) எடுக்கும் செயலி. ஆப்பிளின் சொந்த ரா வடிவமான புரோராதான் 13-இல் கிடையாது, சாதாரண ரா கிடைக்கும்.

பச்சைப் புள்ளி என்பது லென்ஸுக்குள் ஒளி முட்டித் திரும்புவது. படத்தின் மையத்துக்கு நேர் எதிரே விழும்: விளக்கு மேல் இடது மூலையில் இருந்தால் புள்ளி கீழ் வலது மூலையில். இது தெரிந்தால் பாதி வெற்றி. போனைக் கொஞ்சம் சாய்த்து, புள்ளி முகத்தின் மேல் விழாமல் வானத்திலோ சுவரிலோ விழும்படி வையுங்கள். முழுதாகப் போகாது. விரல் எண்ணெய் படிந்த லென்ஸ் இதை இன்னும் மோசமாக்கும், முதலில் துடையுங்கள்.

கேட்காத ஒன்று: டியூப்லைட், மலிவு எல்இடி வெளிச்சத்தில் வீடியோ பட்டை பட்டையாக ஓடுவது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 30 ஃபிரேம் அதோடு பொருந்தாது. செட்டிங்ஸ் > கேமரா > ரெக்கார்ட் வீடியோ > ஷோ பால் ஃபார்மட்ஸ் ஆன் செய்து 25 ஃபிரேமில் எடுங்கள். கோவில் மண்டபம், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும்.

பேட்டரி விஷயத்தில் ஈயப்பற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். வெளிக்கடையில் மாற்றினால் 'அன்னோன் பார்ட்', அதாவது அசல் பாகமா என்று தெரியவில்லை என்ற செய்தி வரும். அதற்குப் பயந்தே பலர் மாற்றாமல் இழுக்கிறார்கள்.


விசைமகள்:

தமிழ்த் தட்டச்சு: ஜெனரல் > கீபோர்டு > ஆட் நியூ கீபோர்டு > தமிழ். தமிழ்99, அஞ்சல் இரண்டும் போனிலேயே இருக்கின்றன, தனிச் செயலி தேவையில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு அஞ்சல். ஆனால் ஒரு வாரம் முக்கினால் தமிழ்99 வேகம். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு அது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும், 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ போதும்.

எரிச்சலூட்டுவது உலக உருண்டைப் பொத்தான். மூன்று நான்கு கீபோர்டு சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சுற்றாதீர்கள். வேண்டாததை, ஈமோஜி உட்பட, பட்டியலிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் உருண்டையை அழுத்திப் பிடித்தால் பெயர்ப்பட்டியல் வரும்.

தமிழ் எழுத்து சில செயலிகளில் பொடியாகத் தெரிந்தால், கன்ட்ரோல் சென்டரில் 'டெக்ஸ்ட் சைஸ்' சேர்த்து, அந்தச் செயலியைத் திறந்துவைத்தபடி அதற்கு மட்டும் பெரிதாக்கலாம். போன் மெனுவே தமிழில் வேண்டுமென்றால் ஐஓஎஸ் 18.4-இல் இருந்து லாங்குவேஜ் அண்ட் ரீஜனில் தமிழ் உண்டு.

கால் ரெக்கார்டிங் ஐஓஎஸ் 18.1-இல் வந்தது, 13-இலும் உண்டு. பேசும்போது அழைப்புத் திரையிலேயே அதற்குப் பொத்தான் உண்டு. "இந்த அழைப்பு பதிவாகிறது" என்ற அறிவிப்பு இரு பக்கமும் கேட்கும், அணைக்க வழியில்லை. பதிவு நோட்ஸ் செயலியில் போய் விழும். சவூதி, எமிரேட்ஸ், கத்தார் உள்ளிட்ட நாடுகளில் இந்த வசதியே தரப்படவில்லை, அங்கே இருக்கும் நம்மவர்கள் செட்டிங்ஸைத் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.


மழைத்தாள்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. ஐஓஎஸ் 26-க்குப் பிறகு பேட்டரி இன்னும் வேகமாக இறங்குகிறது என்கிறார்களே? அந்த 'அன்னோன் பார்ட்' செய்தியால் போனுக்குக் கெடுதல் உண்டா?


ஈயப்பற்று:

பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் போட்டோ, தேடல் எல்லாத்தையும் பின்னணியில மறுபடி அட்டவணை போடும். சில நாள் சூடாகும், சார்ஜ் குடிக்கும். ராத்திரி சார்ஜ்ல போட்டு வைஃபையில விடுங்க. அதுக்கு அப்புறமும் குறையலைன்னா மொபைல் டேட்டா ஆப்ஷன்ஸ்ல 5ஜியை எடுத்துட்டு எல்டிஇ-ல (அதாவது 4ஜி) ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க. சிக்னல் ஒத்தக் கோட்டுல இருக்கிற வீட்டுக்குள்ள 5ஜி தேடித் தேடியே பேட்டரி போகும். ரெண்டு சிம் இருந்தா ரெண்டுக்கும் தனித்தனியா மாத்தணும். கண்ணாடி மாதிரி மெனு கண்ணை உறுத்தினா 26.1-ல டிஸ்ப்ளே உள்ள 'டின்டட்' இருக்கு.

செய்தி விஷயம்: கெடுதல் இல்லை. போன் ஓடும், சார்ஜ் ஏறும். ஹெல்த் எண்ணை மட்டும் நம்ப முடியாது. சில நாள் லாக் ஸ்கிரீன்ல தொந்தரவு பண்ணிட்டு, அப்புறம் அபவுட் பக்கத்துல போய் உட்கார்ந்துக்கும்.

சில கடையில அந்தச் செய்தி வராம பண்ணித் தரேன்பாங்க. பழைய பேட்டரியோட குட்டி போர்டை வெட்டி எடுத்து, புது செல்லுல ஸ்பாட் வெல்டு பண்ணுவாங்க, அப்புறம் புரோகிராமர்ல எண்ணை 100 ஆக்குவாங்க. வெல்டு சரியா விழலைன்னா சூடாகும், லித்தியம் செல்லுல அது விளையாட்டில்லை. செய்தி இருந்துட்டுப் போகட்டும், செல் நல்லதா இருந்தாப் போதும். செலவு கட்டுப்படியானா அங்கீகரிக்கப்பட்ட சென்டர், இந்தக் குழப்பமே இல்லை.

வெளியில ஸ்கிரீனும் மாத்தறதா இருந்தா, ட்ரூ டோன் (சுத்தி இருக்கிற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி திரை நிறத்தை மாத்தற வசதி) முன்னாடி ஆன்ல இருந்ததான்னு பார்த்து வைங்க. பழைய ஸ்கிரீன்ல இருந்து தரவை எடுத்துப் புதுசுல எழுதலைன்னா அந்தப் பொத்தானே காணாமப் போயிடும். ஃபேஸ் ஐடி போறது ஐஓஎஸ் 15.2-க்கு முன்னாடி இருந்த பிரச்சினை.


பைட்டுக்கணக்கு:

எதிர்பார்ப்பு வரிசையில் நான் வைப்பது மூன்றுதான்: 80 சதவீத வரம்பு, செட்டிங்ஸிலேயே சார்ஜ் சுற்று எண்ணிக்கை, ஸ்மார்ட் எச்டிஆர் பொத்தான். மூன்றும் மென்பொருளில் தரக்கூடியவை என்றே நினைக்கிறேன். 60 ஹெர்ட்ஸ் திரை, 4 ஜிபி ரேம், லைட்னிங், ஆப்பிள் இன்டெலிஜன்ஸ் (ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகள்) இல்லாமை ஆகியவை வன்பொருள் சார்ந்தவை, அவற்றுக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

மழைத்தாள், பேட்டரி மாற்றக் கொடுக்கும் முன் அந்த என்கிரிப்ட் பேக்கப்பை எடுத்துவிடுங்கள்.


ஈயப்பற்று:

ஆமா. இன்னொண்ணு, திரும்ப வாங்கும்போது திரை ஓரத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க, எங்கேயும் தூக்கி நிக்கக்கூடாது. திறந்தா அந்தக் கறுப்பு ஒட்டுப் பட்டையைப் புதுசா போடணும், அவசரத்துல விட்டுடறவங்க உண்டு. பட்டை போட்டாலும் பழைய ஐபி68 (தூசு, தண்ணி தாங்கும் தரம்) இனி கணக்கில்லை. குழாய்த் தண்ணியில கழுவற பழக்கம் இருந்தா அன்னியோட நிறுத்திடுங்க.