எரிக்சன் குடும்பத்தின் பாய்க்கப்பல்கள்

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பின்லாந்துக்கு உட்பட்ட ஓலந்துத் தீவுகளின் தலைநகரான மரியேஹாமுக்கு அண்மையில் சென்றிருந்தேன். நம் பாட்டன்மார் தோணியை நம்பிப் பிழைத்தவர்கள் என்பதால், அங்கே மேற்குத் துறைமுகத்தில் நிற்கும் பொமெர்ன் என்னும் நான்கு பாய்மரக் கப்பலைப் பற்றியும் முன்பு அதன் உரிமையாளராக இருந்த எரிக்சன் குடும்பத்தைப் பற்றியும் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

குஸ்தாவ் எரிக்சன் 1872இல் அத்தீவுகளிலுள்ள லெம்லாந்தில் பிறந்தார். சிறு வயதிலேயே கப்பலேறி, தலைவனாக உயர்ந்து, 1913இல் கரையில் தங்கிக் கப்பல் முதலாளியானார். நீராவிக் கப்பல்கள் பெருகப் பெருக, பெரிய நிறுவனங்கள் தம் பாய்க்கப்பல்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டன. அவற்றை இவர் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். ஹெர்சோகின் செசீலி என்ற ஜெர்மானியப் பயிற்சிக் கப்பல் 1921இல் 4,250 பவுண்டுக்குக் கிடைத்தது. பொமெர்ன் 1923இல் வந்தது, மோஷுலு 1935இல் வந்தது. அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய பாய்க்கப்பல் அணி இவருடையதுதான்.

காற்றுக்குக் காசில்லை என்பது மட்டுமே இவருடைய கணக்கன்று. தென் ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாவில் கோதுமை மூட்டைகளை ஏற்றி, தென் அமெரிக்காவின் தெற்கு நுனியான ஹார்ன் முனையைச் சுற்றி ஐரோப்பா வந்து சேர நூறு நாளுக்கு மேல் ஆனாலும், கெட்டுப்போகாத சரக்கு என்பதால் யாரும் அவசரப்படுத்தவில்லை. தொழில் கற்க வந்த இளைஞர்களோ தாங்களே பணம் கட்டிக் கப்பலேறினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இவர் தம் கப்பல்களுக்குக் காப்பீடே எடுக்கவில்லை. இதைச் சிலர் கஞ்சத்தனம் என்பார்கள். எனக்கு அது கணக்கறிந்த துணிச்சலாகவே படுகிறது, ஆனால் உயிரைப் பணயம் வைத்தவர்கள் மேலே பாய் கட்டிய பையன்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்கு விலையும் இருந்தது. 1936 ஏப்ரல் 25 அன்று ஹெர்சோகின் செசீலி இங்கிலாந்தின் டெவன் கரையில் பாறையில் மோதியது. உள்ளே கடல்நீர் புகுந்து, ஊறி உப்பிய கோதுமை மேல்தளத்தையே நெம்பித் தூக்கிவிட்டது. பிறகு வந்த இரண்டாம் உலகப் போரில் இவருடைய ஒலிவ்பேங்க் என்ற கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. பாமிர் என்ற கப்பலை நியூசிலாந்து அரசு கைப்பற்றிக்கொண்டு, போருக்குப் பின்னரே திருப்பித் தந்தது.

குஸ்தாவ் 1947இல் காலமான பின் மகன் எட்கர் பொறுப்பேற்றார். பாமிரும் பசாட் என்ற மற்றொரு கப்பலும் 1949இல் கடைசியாகக் கோதுமை ஏற்றி வந்தன. பாய்க்கப்பல் வணிகம் அத்தோடு முடிந்தது. எட்கர் இயந்திரக் கப்பல்களுக்கு மாறினார். பொமெர்னை மட்டும் விற்காமல், 1953இல் குடும்பத்தார் நகருக்கே கொடையாக அளித்துவிட்டார்கள்.

அதன் சரக்கறைக்குள் இறங்கினால், தூண்களைத் தவிர வேறெதுவும் இல்லாத வெறும் இரும்புக் கூடம். பேசினால் நம் குரலே நமக்குத் திரும்புகிறது. ஸ்டாக்ஹோமிலோ துர்க்குவிலோ இருக்கும் உறவுகள் பயணக் கப்பல் ஏறினால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் மரியேஹாம் சேரலாம். துறையை நெருங்கும்போதே அதன் நான்கு மரங்களும் தெரியும்.