ஏரோ தீவு: சக்கர நாற்காலியோடு போனவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். ஜூலை இரண்டாவது வாரம் ஹாம்பர்க்கிலிருந்து அம்மாவை டென்மார்க்கின் ஏரோ தீவுக்குக் கூட்டிப்போகிறேன். ஏரோஸ்கொபிங் ஊருக்குள் அறை போட்டாகிவிட்டது, ரத்து செய்தால் பணம் திரும்பாது. படகில் காருக்குத்தான் இடம் இல்லை. ஸ்வென்போர்க்கிலிருந்து போகும் 75 நிமிடப் படகு, ஃபின்ஸ்ஹாவ் - சோபி, ருட்கொபிங் - மார்ஸ்டால் படகுகள் எல்லாம் பார்த்துவிட்டேன். தேதியை முன்னே பின்னே மாற்றியும் தேடினேன்.

காரை ஸ்வென்போர்க்கில் விட்டுவிட்டுப் போகலாம். தீவுக்குள் பஸ் இலவசம், துறைமுகமும் ஊரை ஒட்டியே இருக்கிறது. கவலை தெருக்களைப் பற்றித்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே சக்கர நாற்காலி. ஏரோஸ்கொபிங்கின் பழைய தெருக்கள் உருண்டைக் கல் பதித்தவை. இங்கே அதே மாதிரித் தரையில் தள்ளிப் பார்த்தேன்: முன்சக்கரம் கல் இடுக்கில் மாட்டி நாற்காலி முன்னால் சாய்கிறது. திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் நகர்கிறது, ஆனால் அம்மாவின் முதுகு அதிர்ந்து வலிக்கிறது. பெரிய சக்கரம் வைத்த நாற்காலி வாடகைக்குத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஏரோஸ்கொபிங்கின் வெஸ்டர்ஸ்ட்ராண்ட் கடற்கரையில் வரிசையாக நிற்கும் அந்த வண்ணக் குடில்களைப் பார்க்க அம்மாவுக்கு அவ்வளவு ஆசை.

துறைமுகத்திலிருந்து அந்தக் கரை வரை, கல் பதிக்காத சமதளப் பாதை இருக்கிறதா?