மூன்று பல்ப் மாற்றியும் மங்கலாகவே எரிந்த ஹெட்லைட்

அப்பா ஓட்டிய கார் இப்போது என்னிடம் இருக்கிறது. வயது 30ஐத் தாண்டிவிட்டது. இன்ஜினைக் குறை சொல்ல முடியாது. இருட்டிய பிறகு வண்டியை எடுக்கத்தான் பயம். லோ பீம் போட்டால் மஞ்சள் கரைத்துத் தெளித்தது போல முன்னால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு வெளிச்சம். எதிரே வண்டி வந்தால் அதுவும் காணாமல் போய்விடும். மழையில் ஒரு தடவை, லைட் எரிகிறதா இல்லையா என்று இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பல்ப் மாற்றினேன். பெரிய வித்தியாசம் இல்லை. அட்டையில் ‘கூடுதல் வெளிச்சம்’ என்று போட்ட பல்ப் வாங்கி மாட்டினேன். அதுவும் அதே எச்-4 ரகம், அதே 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55). அப்புறம் இன்னொரு கம்பெனி பல்ப். நடுவில், ரிஃப்ளெக்டரைத் துடைக்கிறேன் பேர்வழி என்று பல்ப் துளை வழியாகத் துணியை விட்டுத் தேய்த்ததில், உள்ளே இருந்த வெள்ளிப் பூச்சு ஒரு ஓரத்தில் துணியோடு வந்துவிட்டது. அதை யாரும் செய்யாதீர்கள். அந்தப் பூச்சு தொட்டாலே போகக்கூடியது.

கடைசியில் வயதான ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன்தான் கேட்டார். “பல்பை விடுங்க தம்பி. அது வாய்க்கு எத்தனை வோல்ட் வந்து சேருதுன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். இரண்டு பல்பிலிருந்தும் சாக்கெட்டைக் கழற்றி அளந்தால் அங்கேயும் 13.9. அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. போன் செய்து சொன்னேன். “கழட்டி வெச்சா என்ன தெரியும்? பல்ப் எரியும்போது பாருங்க” என்றார். சாக்கெட்டுகளை மறுபடி மாட்டி, லைட்டைப் போட்டு, சாக்கெட்டின் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்துப் பார்த்தேன். 11.8!

குழாயில் தண்ணீர் ஓடும்போதுதான் அடைப்பு தெரியும், மூடி வைத்திருந்தால் தெரியாது. இதுவும் அப்படித்தான். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. பல்ப் எரியும்போதுதான் ஆம்பியர் கணக்கில் ஓடுகிறது, வயரின் தடையும் அப்போதுதான் தன் பங்கைத் தின்கிறது.

எங்கே போகிறது என்று பிரித்தும் பார்க்கலாம். லைட் எரியும்போது மீட்டரின் ஒரு ஊசியை பேட்டரி பாசிட்டிவிலும், மற்றொன்றை சாக்கெட்டின் லோ பீம் பின்னிலும் வைத்தால், நடுவில் தொலைந்த வோல்ட் நேராகக் காட்டும். எனக்கு 1.5. அதேபோல பேட்டரி நெகட்டிவுக்கும் சாக்கெட்டின் எர்த் பின்னுக்கும் இடையே 0.6. இந்த எர்த் பக்கத்தை யாரும் அளப்பதே இல்லை. என் காரில் எர்த் வயர் பெயின்ட் அடித்த தகட்டின் மேல் ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவில் உட்கார்ந்திருந்தது.

இத்தனை இழப்பு எப்படி என்றால், இந்த மாதிரிப் பழைய கார்களில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் ஊரைச் சுற்றித்தான் வரும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பாக்ஸ், அங்கிருந்து டாஷ்போர்டு சுவிட்ச், பிறகு ஸ்டீயரிங் பக்கத்து டிப் சுவிட்ச், மறுபடி முன்பக்கம். 55 வாட் பல்ப் இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியருக்கு மேல், அதுவும் மெல்லிய வயரில். வழியில் இருக்கும் ஒவ்வொரு கனெக்டரும் பச்சை பிடித்துப் போயிருக்கும்.

இரண்டு வோல்ட்தானே என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் ஹாலோஜன் பல்பில் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறையாது, ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் குறையும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் முப்பது சதவீதம் வெளிச்சம் போச்சு. என் கணக்குப்படி, பேட்டரியில் இருக்கும் வோல்ட் முழுசாக வந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. இதற்குத்தான் மூன்று செட் பல்ப் வாங்கினேன்.

வைத்தியம் ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஒரு சுவிட்ச். பழைய சுவிட்ச் இனி பல்பை எரிய வைக்காது. ரிலேவுக்குச் சைகை மட்டும் கொடுக்கும். ரிலேவுக்குள் இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள், இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு, ஆகவே சுவிட்சுக்கு வேலையே இல்லை. பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து குட்டையான, தடித்த வயரில் நேராகப் போகும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே போட்டேன். ரிலேவில் 30 என்று எழுதிய காலில் பேட்டரி, 87இல் பல்ப், 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், ரிலேவிலிருந்து பல்புகளுக்கு 2.5. லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனியாக 15 ஆம்பியர் ஃபியூஸ். ஒன்று போனாலும் இன்னொன்றை வைத்து வீடு வந்து சேரலாம். எர்த்துக்கும் அதே 2.5 வயரை, தகட்டைப் பளபளவென்று சுரண்டி மாட்டினேன்.

பழைய வயர் எதையும் வெட்டவில்லை. ஒரு பக்கத்துப் பழைய சாக்கெட்டையே ரிலேக்களுக்குச் சைகை தரப் பயன்படுத்திக்கொண்டேன். இன்னொன்றை டேப் சுற்றிக் கட்டிவிட்டேன். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் ஐந்து நிமிடத்தில் பழையபடி மாட்டலாம்.

நேரம் பிடித்தது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அடிப்பதில்தான். முதலில் எல்லாவற்றையும் சால்டர் வைத்தேன். பெரியவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சால்டர் வயருக்குள் ஏறி விறைத்துப்போகும், அதிர்விலே அந்த விறைப்பு முடிகிற இடத்தில் ஒடியும் என்றார். அத்தனையையும் வெட்டிவிட்டு, லக்கை வயரோடு நசுக்கிப் பிடிக்க வைக்கும் சரியான கிரிம்பிங் பிளையரில் மறுபடி அடித்தேன். அடித்த ஒவ்வொரு லக்கையும் பிடித்து இழுத்துப் பார்த்ததில் இரண்டு கையோடு வந்தன. அன்று இழுத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

முடித்து அளந்தபோது சாக்கெட்டில் 13.5. அதே பழைய பல்ப், வெளிச்சம் முன்பைவிட ஒன்றரை மடங்கு. மஞ்சள் போய் வெள்ளை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அன்று ராத்திரியே கிளம்பினேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் எனக்கு டிப் அடித்துக் காட்டினார்கள்! வெளிச்சமே இல்லாத காலத்தில் யாரோ ஹெட்லைட்டை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள் போல. அடுத்த நாள் சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்திலிருந்து வெளிச்சத்தின் மேல்விளிம்பு 10 சென்டிமீட்டர் இறங்கும்படி வைத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுலபமான வழியில் தப்பித்தீர்கள். நான் 100/90 வாட் பல்ப் போட்டவன். ரிலே கிலே எதுவும் இல்லாமல், பழைய வயரிங்கிலேயே. ஹை பீமில் இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்றெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன். எட்டாவது நாள் ஸ்டீயரிங் பக்கத்தில் மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை. டிப் சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகி, பித்தளைக் கான்டாக்ட் சாய்ந்து கிடக்கிறது. பல்ப் சாக்கெட்டும் பழுப்பேறி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தக் காருக்கு அந்த சுவிட்ச் கிடைக்க நான்கு மாதம் ஆனது. இத்தனைக்கும் அந்த வாட் பல்ப் சாலையில் ஓட்ட அனுமதி இல்லாதது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது ரிலே போட்டு, பீங்கான் சாக்கெட் வைத்து, 60/55க்கே திரும்பிவிட்டேன்.

* * *

நானும் ரிலே போட்டவன்தான். நான் சொல்லப்போவது சிரிக்கிற கதை. எல்லாம் மாட்டி முடித்து பேட்டரி டெர்மினலை வைத்தேன். சாவி என் சட்டைப் பையில். ஹெட்லைட் இரண்டும் பளீரென்று எரிகிறது. உள்ளே போய் லோ பீம் சுவிட்சைப் போட்டால் அணைகிறது. சுவிட்சை அணைத்தால் மறுபடி எரிகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

காரணம், நான் வாங்கியது ஐந்து கால் ரிலே. அதில் நடுவில் இருக்கும் கால் 87 இல்லை, 87ஏ. ரிலே அணைந்திருக்கும்போதுதான் அதில் கரண்ட் வரும். சில ஐந்து கால் ரிலேவில் இரண்டுமே 87 என்று இருக்கும், பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலத்தான். காலுக்குப் பக்கத்தில் எறும்பு சைசில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் விட்டது என் தவறு. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வேலையை ஆரம்பியுங்கள்.

* * *

ரெடிமேட் ரிலே ஹார்னஸ் (ரிலே, வயர், சாக்கெட் எல்லாம் சேர்த்துக் கட்டி வரும் செட்) வாங்குகிறவர்களுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். என்னுடையது ஜப்பானியக் கார். ஹார்னஸை மாட்டினால் ரிலேவிலிருந்து ‘டிக்’ சத்தமே வரவில்லை. இரண்டு ரிலே மாற்றினேன், ஹார்னஸ் கடைக்காரரோடு சண்டையும் போட்டேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. சில கார்களில் சுவிட்ச் இருப்பது எர்த் பக்கத்தில். பாசிட்டிவ் நேராக பல்பின் பொதுப் பின்னுக்கு (லோ, ஹை இரண்டுக்கும் சேர்ந்த பின்) வந்துவிடும். லோவா ஹையா என்பதை எர்த்தைக் கொடுத்துத்தான் சுவிட்ச் தீர்மானிக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். லோ பீம் எரியும்போது மீட்டரின் கறுப்பு ஊசியை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சாக்கெட்டின் பொதுப் பின்னைத் தொடுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் சாதாரண வயரிங். 12ஐ ஒட்டிக் காட்டினால் எர்த் சுவிட்ச். அப்படி இருந்தால் காயிலின் ஒரு முனைக்குச் சின்ன ஃபியூஸ் வழியாக பாசிட்டிவ் கொடுத்து, மறுமுனையைச் சுவிட்சிலிருந்து வரும் வயரில் சேர்க்க வேண்டும். ரிலேவுக்குள் டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடுவது) இருந்தால் 86தான் பாசிட்டிவ், மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போய்விடும்.

ஹார்னஸ் வயரையும் ஒரு முனையில் சுரண்டிப் பாருங்கள். என்னுடையதில் மேலே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். தூக்கிப் போட்டுவிட்டு நானே வயர் வாங்கிச் செய்தேன்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. அந்த 15 ஆம்பியர் ஃபியூஸ்கள் எங்கே இருக்கின்றன? பேட்டரி பக்கத்திலா, ரிலே பக்கத்திலா?

* * *

முதலில் எழுதியவன்தான். நல்ல வேளை கேட்டீர்களே! ரிலே பக்கத்தில்தான் வைத்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. இப்போதுதான் டேப் வைத்து அளந்துவிட்டு வருகிறேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை 70 சென்டிமீட்டர் வயர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓடுகிறது, அதிலும் ஒரு இடத்தில் தகட்டு விளிம்பை உரசிக்கொண்டு. அங்கே தோல் உரிந்து தகட்டில் பட்டால் ஃபியூஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை, வயரே ஃபியூஸ் ஆகிவிடும். டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டேன். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு மெயின் ஃபியூஸ் ஹோல்டர் மாட்டி, அந்த விளிம்பில் ரப்பர் வளையம் வைத்த பிறகுதான் வண்டியை எடுப்பேன்.