பழைய இரும்புக் குழாயில் ஸ்மோக்கர்: தகட்டின் கனமும் நெருப்பறையின் அளவும்

மாடித்தோட்டம்_திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு 1.6 மி.மீ. தகட்டை வளைத்து, ஆங்கிள் (‘L’ வடிவ இரும்பு) சட்டத்தில் பற்றவைத்து, ஒரு கரி கிரில் செய்தேன். மூன்றாம் முறை மூட்டியபோதே அடித்தகடு தொப்பை போட்டுக் கீழே இறங்கிவிட்டது. மூடி ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்பி நின்றது. இப்போது பழைய இரும்புக் கடையில் 508 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. சுவர்க் கனமும் உள்ள எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) குழாய் ஒன்று, சரியாக ஒரு மீட்டர் நீளத்தில் கிடைத்திருக்கிறது. எடை 75 கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதால் மூன்று பேர் சேர்ந்தே மாடிக்கு ஏற்றினோம். இதன் ஒரு முனையில் நெருப்பறை, மறுமுனையில் புகைபோக்கி என்று வைத்து, நெருப்பு நேரடியாகப் படாமல் புகையிலும் வெப்பக் காற்றிலுமே கறி வேகும் ஸ்மோக்கராகச் செய்ய எண்ணுகிறேன். என்னிடம் இருப்பது வீட்டு மின் இணைப்பிலேயே ஓடும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினும் நான்கு அங்குலக் கிரைண்டரும்தான்.

நெருப்பறை எவ்வளவு பெரிதாக, எத்தனை மி.மீ. தகட்டில் இருக்க வேண்டும்? கறி வைக்கும் தட்டுக்குக் கையிலிருக்கும் ஜி.ஐ. வலையைப் பயன்படுத்தலாமா? மூடியை வெட்டும்போது இந்த முறையும் கோணிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி?

பட்டறை_ராடு:

முதலில் அந்த ஜி.ஐ. வலையை எடுத்துத் தோட்டத்துக்கு வேலி போட்டுவிடுங்கள். அதன் மேலுள்ள பூச்சு துத்தநாகம். அது 419 டிகிரி செல்சியஸில் உருகும், 907 டிகிரியில் ஆவியாகும். கரி நன்றாகக் கனன்றால் முதல் அளவை எளிதாகத் தாண்டிவிடும்; வெல்டிங் சுடரோ இரண்டாவது அளவையும் எங்கோ தாண்டி நிற்பது. தொழிலுக்கு வந்த புதிதில், மூடிய அறைக்குள் நாள் முழுவதும் ஜி.ஐ. குழாய் பற்றவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்துவிட்டு வீடு திரும்பிய எனக்கு இரவு எட்டு மணிக்குக் குளிர் தொடங்கியது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. வாயில் எதைப் போட்டாலும் காசை நக்கியது போல இனித்துக் கசந்தது. மறுநாள் மாலைதான் எழுந்து உட்கார்ந்தேன். தட்டுக்கு 6 மி.மீ. எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) கம்பிகளை 15 மி.மீ. இடைவெளியில் அடுக்கிப் பற்றவையுங்கள். செலவு கூடும், ஆனால் ஒருமுறைச் செலவு.

தகடு தொப்பை போட்டதற்குக் கனக்குறைவு மட்டும் காரணமன்று. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.012 மி.மீ. விரியும்; 400 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 5 மி.மீ. நான்கு பக்கமும் ஆங்கிளில் முழுக்கப் பற்றவைத்துப் பூட்டிவிட்டால் அந்த 5 மி.மீ. எங்கே போகும்? வயிறு தள்ளத்தான் செய்யும். கரி கிடக்கும் தட்டை எங்கும் பற்றவைக்காமல், உள்ளே கழற்றி எடுக்கும்படி சும்மா உட்கார வையுங்கள். நெருப்பறைக்கு 6 மி.மீ. போதும். 10 மி.மீ. என்று சிலர் சொல்வார்கள்; உங்கள் மிஷினில் அதற்கு நல்ல ஊடுருவல் கிடைப்பது கடினம்.

6 மி.மீ. தகட்டுக்கு 3.15 மி.மீ. 6013 ராடு (வெல்டிங் குச்சி), 110 முதல் 125 ஆம்பியர். எல்லா மூலையிலும் முதலில் டேக் (சிறு புள்ளிப் பற்று) போட்டு, மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தில் இரண்டு அங்குலம், எதிர்ப்பக்கத்தில் இரண்டு அங்குலம் என்று மாறி மாறி ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஒரு ஓரத்தை முடிக்க நினைத்தால் தகடு உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

மூடிதான் இதில் நுட்பமான வேலை. வளைத்துச் செய்த குழாயின் உள்ளே இறுக்கம் பூட்டிக் கிடக்கும். நான்கு பக்கமும் வெட்டி முடித்த கணத்தில் ‘டணக்’ என்று சத்தம் கேட்கும். மூடி ஒரு வளைவு, குழாய் ஒரு வளைவு என்று இரண்டும் தனித்தனியே போய்விடும், பிறகு சம்மட்டியால் அடித்தாலும் சேராது. ஆகவே கோட்டை வரைந்து பெரும்பகுதியை வெட்டுங்கள், ஆனால் நான்கு மூலையிலும் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஓர் அங்குலம் வெட்டாமல் விடுங்கள். கேட் கீல் இரண்டையும் கைப்பிடியையும் அந்த நிலையிலேயே பற்றவைத்து, 25 × 3 மி.மீ. பிளாட்டை (பட்டை இரும்பை) மூடியின் ஓரம் முழுவதும், பாதி அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்தி, எல்லாம் ஆறிய பிறகு மீதியை வெட்டுங்கள். வெட்டுக்கோட்டில் விழும் இடைவெளியை அந்தப் பிளாட்டே மறைத்துவிடும்.

ஹூஸ்டன்_புகை:

பட்டறை அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கே டெக்சாஸில் இப்படிப்பட்ட இரண்டு ஸ்மோக்கர்களைப் பற்றவைத்தவன் என்ற முறையில், இரும்பின் கனத்தைவிடக் காற்று செல்லும் பாதையே கறியின் சுவையைத் தீர்மானிக்கிறது என்று சொல்லத் துணிகிறேன். இந்த ஊரில் எண்ணெய் வயல்களில் மிஞ்சிய கனத்த குழாய்களும் பழைய புரொப்பேன் தொட்டிகளுமே ஸ்மோக்கர்களாயின. அதனால் கனம் இங்கே தானாகவே வாய்த்தது. என் முதல் ஸ்மோக்கரில் 10 மி.மீ. சுவர் இருந்தும், மூன்று அங்குலப் புகைபோக்கி வைத்த பிழையால் நெருப்பு மூச்சுத்திணறி, கோழி முழுக்கக் கரிப்புகை படிந்து நாக்கு மரத்துப்போகும் கசப்பாக வந்தது. அதை வெட்டி எடுத்து ஐந்து அங்குலம் வைத்த பிறகுதான் மெல்லிய, நீலம் பாரித்த புகை வரத் தொடங்கியது. கொழுகொழுவென்று வெள்ளைப் புகை வந்தால் விறகு சரியாக எரியவில்லை என்று பொருள். பார்க்க அழகாக இருக்கும், தின்ன முடியாது.

உங்கள் குழாயின் உட்கொள்ளளவு 193 லிட்டர். நெருப்பறை அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது இங்கே பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஆகவே 40 × 40 × 40 செ.மீ. பெட்டி, அதாவது 64 லிட்டர், கச்சிதமாகப் பொருந்துகிறது. 6 மி.மீ. தகட்டில் அது 45 கிலோ வரும். பெட்டியை உருளையைவிடத் தாழ்வாகப் பொருத்துங்கள், வெப்பம் தானே மேலேறிச் செல்லட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள திறப்பை உருளையின் முனைத்தகட்டில், அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்துக்குப் பிறைவடிவில் வெட்டினால் 200 சதுர செ.மீ. கிடைக்கும். 125 மி.மீ. உள்விட்டப் புகைபோக்கியின் பரப்பு ஏறத்தாழ 123 சதுர செ.மீ.; அதன் உயரம் 80 செ.மீ.க்குக் குறையாதிருக்கட்டும். நெருப்பறைக் கதவின் கீழ்ப்பகுதியில் அதே அளவு காற்றுவாயும், அதைத் தேவைக்கேற்பக் குறைக்க ஒரு நகரும் தகடும் வேண்டும். புகைபோக்கியை உருளையின் உச்சியில் வைக்காமல், கறி இருக்கும் தட்டின் மட்டத்திலிருந்து தொடங்குங்கள். உச்சியில் வைத்தால் வெப்பம் கூரையை ஒட்டியே ஓடிவிடும், கறி கீழே காத்துக்கொண்டிருக்கும். உருளை புகைபோக்கிப் பக்கம் ஒரு விரல் சாய்ந்திருக்க வேண்டும், அந்த முனையில் கொழுப்பு வடிய ஓர் ஓட்டையும் வேண்டும். இல்லாவிட்டால் உருகிய கொழுப்பு நெருப்பறைக்குள் வடிந்து, கறிக்குப் பதில் ஸ்மோக்கர் எரியும்.

கரிமூட்டம்_பரமக்குடி:

விறகைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. மேலே எழுதிய அன்பரின் டெக்சாஸில் மெஸ்கீட் என்று பெருமையாகப் பேசப்படும் மரமும், எங்கள் இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேலமும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். இங்கே அதை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம். கரியாக வந்தால் வெப்பம் சீராகவும் நெடுநேரமும் நிற்கும். விறகாகவே எரிப்பதானால் புகை காரமானது. கோழிக்கு முழுக்க அதையே பயன்படுத்தாதீர்கள். அடிநெருப்புக்குக் கரியை வைத்துக்கொண்டு, கொய்யா அல்லது மாங்கட்டையை மணிக்கட்டுப் பருமனில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். வெட்டி ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். அரளிக் கட்டையும், பெயின்ட் அடித்த பழைய மரமும், பிளைவுட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது.

மாடித்தோட்டம்_திருச்சி:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின, வேலை முடிந்தது. மூடியை வெட்டும்போது கடைசி மூலையில் அந்த ‘டணக்’ சத்தம் எனக்கும் கேட்டது, நெஞ்சு ஒரு கணம் நின்றது. கீல் முன்பே பற்றவைத்திருந்ததால் மூன்று மி.மீ.க்கு மேல் விலகவில்லை. பிளாட் அதை மறைத்துவிட்டது.

உட்புறம் பெயின்ட் எதுவும் அடிக்காமல், கடலை எண்ணெயை மெல்லப் பூசி, மூன்று மணி நேரம் வெறும் நெருப்பில் பழக்கினேன். அப்போது மூடியோரத்தில் எங்கெங்கே புகை கசிகிறதோ அங்கெல்லாம் சாக்கட்டியால் குறித்துவைத்து, ஆறிய பிறகு அந்த இடங்களில் மட்டும் பிளாட்டைத் தட்டிச் சேர்த்தேன். மறுவாரம் கறியை வீணாக்க மனமில்லாமல், பன்னிரண்டு ரொட்டித் துண்டுகளைத் தட்டு முழுவதும் அடுக்கி, 130 டிகிரியில் மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் நெருப்பறையை ஒட்டிய மூன்றும் அடுப்புக்கரி, நடுவிலிருந்தவை பொன்னிறம், புகைபோக்கிப் பக்கத்தில் இருந்தவை கடையில் வாங்கிய நிறத்திலேயே கிடந்தன. வெப்பத்தைத் தடுத்துத் தள்ளிவிட உள்ளே ஏதேனும் வைக்க வேண்டுமா?

ஹூஸ்டன்_புகை:

ஆம், பிறைத்திறப்புக்கு மேலே முனைத்தகட்டை ஒட்டி, 4 மி.மீ. தகடு ஒன்றைத் தட்டுக்குக் கீழே கிடைமட்டமாக, உருளையின் பாதி நீளம் வரை நீட்டி வையுங்கள். பற்றவைக்க வேண்டாம். ரொட்டியைப் பார்த்துப் பார்த்து நகர்த்திக்கொள்ளும்படி இரண்டு ஆங்கிள் துண்டுகளின் மேல் உட்காரட்டும்.

மாடித்தோட்டம்_திருச்சி:

தகட்டை 45 செ.மீ.யில் நிறுத்திய பிறகு ரொட்டி இரு முனையிலும் கிட்டத்தட்ட ஒரே நிறத்துக்கு வந்துவிட்டது. நேற்று ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழி வைத்தேன். தொடையின் உள்ளே வெப்பமானி 74 டிகிரியைத் தாண்டிய பிறகே எடுத்தேன். தோல் மட்டும் சற்று ரப்பராக இருந்தது. அடுத்த முறை கடைசி அரை மணி நேரம் நெருப்பைக் கூட்டிப் பார்க்கப் போகிறேன்.